கோரெங் விலை

மஸ்ஜித் இந்தியாவில் எனக்குத் தெரிந்த ஒரு சேலைக் கடைக்காரர் ஓவியம் சேகரிப்பவர். கடைக்கு மேல்மாடியில், சேலைப் பெட்டிகளுக்கு நடுவே, முப்பது நாற்பது படங்கள் பழைய துணி சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அவரை அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அங்கே வருவார். அவரும் படம் வாங்குபவர், ஆனால் பென்ஷன் பணத்தில். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் தே தாரிக் கிளாஸை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிசாங் கோரெங் தின்றபடி கேட்பேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, சண்டை கிள்ளானைச் சேர்ந்த ஓர் இளம் ஓவியரைப் பற்றி வந்தது. வயது இருபத்தாறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் எண்ணூறு வெள்ளிக்குப் போன அளவுப் படம், இப்போது ஐயாயிரம் வெள்ளி. "அதெல்லாம் கோரெங் பண்ண வெல சார். நாலு பேரு சேந்து வாங்கி நாலு பேரு சேந்து ஏத்துறானுங்க. பையன் கைல ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன். சார் கிளாஸைக் கீழே வைத்தார். "ஷெர்-கில்லயும் அன்னிக்கி இப்படித்தான் சொன்னாங்க. ஹைதராபாத்துல நவாப்பு வேணாம்னு திருப்பி அனுப்புனாரு. இன்னிக்கி அறுபத்தோரு கோடி ரூபா. என்ன சொல்றீங்க?"

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. யாராலும் எதுவும் சொல்ல முடியாத வாதம் அது. என் சிக்கல் என்னவென்றால், அதே பையனுடைய சின்னப் படம் ஒன்றை மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி சார் என்னிடம் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் மாதச் சம்பளத்தில் கார் கடனும் வாடகையும் போன பிறகு கையில் நிற்பது அதில் பாதிகூட இல்லை. ஆகவே அந்த நவாப் கதையை வீட்டுக்குப் போய்த் தேட ஆரம்பித்தேன்.

கோரெங் என்ற சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன். மலாயில் பொரிப்பது, வறுப்பது. நம் ஊர்ப் பங்குச் சந்தையில் ஒரு பங்கின் விலையை வேண்டுமென்றே ஏற்றிவிடுவதற்கும் இதே சொல்தான். இந்தோனேசியாவில் ஓவியம் வாங்கி விற்பவர்களும் இதைச் சொல்வார்கள். முறை எளிது. ஒரு குழு இளம் ஓவியர் ஒருவரின் படங்களை மலிவாக வாங்கிக் குவித்துக்கொள்ளும். அதில் ஒன்றை ஏலத்தில் விட்டு, தங்களுக்குள்ளேயே போட்டி போட்டு ஏற்றும். ஏலத் தொகை பத்திரிகையில் வரும். அதன் பிறகு கையிருப்பு முழுவதும் அந்த விலைக்கு ஆகிவிடும். எண்ணெய் சூடாக இருக்கும்வரை நடக்கும்.

இனி ஷெர்-கில். 1913இல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். அப்பா பஞ்சாபின் மஜீத்தியா குடும்பத்து உம்ராவ் சிங், அம்மா ஹங்கேரியர். பாரிஸில் படித்து, 1932இல் வரைந்த 'இளம் பெண்கள்' என்ற படத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கி, 1934 கடைசியில் இந்தியா திரும்பினார். அடுத்த வருஷமே சிம்லா நுண்கலைச் சங்கத்தோடு மோதல். அனுப்பிய படங்களில் சிலவற்றைத் திருப்பிவிட்டு, ஏற்றுக்கொண்ட ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசை உங்கள் ரசனைக்கு ஒத்துப்போகிற யாருக்காவது கொடுங்கள் என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

1936 நவம்பரில் பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் கண்காட்சி. பாராட்டு வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. அங்கிருந்து அஜந்தா, எல்லோரா பார்த்துவிட்டு ஹைதராபாத் வந்தார். அங்கேதான் சார் சொன்ன நவாப், மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுஃப் அலி கான். நிஜாமிடம் கொஞ்ச காலம் பிரதமராக இருந்து, அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் பொருள் சேர்த்தவர். அவர் சேர்த்ததை வைத்துத்தான் 1951இல் நேரு திறந்துவைத்த சாலார் ஜங் அருங்காட்சியகம் உருவானது. தாத்தா காலத்தில் இத்தாலியில் வாங்கிய முக்காடிட்ட ரெபெக்கா சிலையும் அதில் உண்டு. பளிங்கில் முகத்திரை செதுக்கியிருக்கிற அந்த வேலையைப் பார்த்து இன்றும் ஜனம் வாய் பிளக்கிறது.

நவாப் படங்களை வரவழைத்துப் பார்த்தார். தன்னுடைய தொகுப்பைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றும் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. லெய்ட்டன், வாட்ஸ் வகை விக்டோரியா காலத்து அலங்காரப் படங்கள் நிறைந்த சுவரைப் பார்த்து, லட்சம் லட்சமாகச் செலவழித்துக் குப்பை வாங்கியிருக்கிறார் என்று தீர்மானித்துவிட்ட ஆள் ஷெர்-கில். கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். நேரிலும் மறைக்கவில்லை. படங்கள் திரும்பி வந்தன, கியூபிசப் படம் எனக்கு வேண்டாம் என்ற பதிலோடு. ஷெர்-கில் கியூபிசம் வரைந்தவரே கிடையாது. புரியாத எதற்கும் அன்றைக்குக் கைவசமிருந்த வசைச் சொல் அது, அவ்வளவுதான்.

ஆக, சாரின் கதை உண்மை. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு நவாப் மேல் இரக்கம் வர ஆரம்பித்தது. அவர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். இருபத்து மூன்று வயதுப் பெண். பணக்காரக் குடும்பம், பாரிஸ் பட்டம், பார்த்தவர்கள் எல்லாம் அழகைப் பற்றியே பேசுகிறார்கள். வாய்த்துடுக்கு வேறு. ஐரோப்பா பிக்காசோவுக்கும் மத்தீஸுக்கும் சொந்தம், இந்தியா எனக்கு மட்டுமே சொந்தம் என்ற பொருளில் எழுதியவர். இன்றைக்கு ஒருவர் தன்னைப் பற்றி அப்படிப் பதிவு போட்டால் அண்ணன் என்ன சொல்வார்? கோரெங் என்பார். நானும் சொல்லியிருப்பேன். நவாப் முன்னால் இருந்தது படமும் பேச்சும் ஒன்றாகக் கலந்த ஒரு கட்டு. அதைப் பிரித்துப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை என்பது குறைதான். பிரிப்பது சுலபம் என்று இன்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பிரித்துப் பார்த்த ஒருவர் இருந்தார். பம்பாய்க் கண்காட்சியின்போது அறிமுகமான கார்ல் கண்டலாவாலா. பார்சி வழக்கறிஞர், கலை விமர்சகர். (பிற்காலத்தில் கடற்படை அதிகாரி நானாவதி கொலை வழக்கில் வாதாடியவரும் இவரே.) அவரும் ஷெர்-கில்லும் எழுதிக்கொண்ட கடிதங்களில் புகழ்ச்சி உண்டு, ஆனால் பெரும்பகுதி சண்டை. இந்தப் படத்தில் இந்த நிறம் சரியில்லை, இந்த உருவம் நிற்கவில்லை என்று பேச்சு போகும். ஷெர்-கில் சிலதை ஒத்துக்கொள்வார், சிலதைத் தூக்கிப் போடுவார். அஜந்தாவைப் பார்த்துவிட்டுத் தெற்கே கொச்சி, கன்னியாகுமரி வரை போய்த் திரும்பியவர், சிம்லாவில் உட்கார்ந்து 1937இல் மூன்று பெரிய படங்கள் வரைந்தார்: 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்'. பாரிஸ் பாடமும் அஜந்தாச் சுவரும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கிற படங்கள். 'பிரம்மச்சாரிகள்' படத்தில் வெள்ளை வேட்டிகளும் கறுத்த உடம்புகளும் ஒரே தரையில் எவ்வளவு அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். இந்த மாற்றத்தைக் கூடவே நின்று கவனித்தவர் கண்டலாவாலா. ஷெர்-கில் இறந்து மூன்று வருஷம் கழித்து, 1944இல், அவரைப் பற்றித் தனி நூலே கொண்டுவந்தார். அந்தப் படங்களை வைத்துப் பெரும் பணம் பண்ணக்கூடிய சந்தை என்று ஒன்று அன்று இந்தியாவில் கிடையாது. அது அவர் கண்ணுக்கு உதவியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஷெர்-கில் 1941 டிசம்பர் 5 அன்று லாகூரில் இறந்தார். கண்காட்சி ஒன்று திறக்கச் சில நாட்களே இருந்தன. வயது 28. இதை எழுதும் எனக்கும் அதே வயது.

இனி அறுபத்தோரு கோடிக்கு வருவோம். சார் தொகையைச் சரியாகத்தான் சொன்னார். 2023 செப்டம்பரில் தில்லியில் சாஃப்ரன்ஆர்ட் நடத்திய ஏலத்தில், 1937இல் வரைந்த 'கதைசொல்லி' 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய மூன்றரைக் கோடி வெள்ளி. அதுவரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. செய்தி எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். அன்று ஏளனம், இன்று கோடிகள்.

பொறியாளன் புத்தி, எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எதை அளக்கிறது என்று கேட்கும். அவர் வரைந்ததே மொத்தம் இருநூறு படங்களுக்கும் குறைவு. அதில் பாதிக்கு மேல் தில்லியில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1954இல் அந்தக் கூடம் திறந்தபோது, கணவரும் குடும்பமும் தந்த அவருடைய படங்கள்தான் அதன் தொகுப்புக்கு அடிப்படை. அவை ஒருநாளும் விற்பனைக்கு வரப்போவதில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1976இல் அவர் படைப்புகள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. அதனால் இந்தியாவில் இருக்கும் படங்கள் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. தனியார் கையில் இருப்பது கொஞ்சம், அதிலும் பெரிய எண்ணெய் ஓவியம் ஏலத்துக்கு வருவது எப்போதாவது. வாங்கத் துடிக்கும் புதுப் பணக்காரர்கள் மும்பையிலும் தில்லியிலும் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த நான்கையும் சேர்த்துப் போட்டால் விலை எகிறாமல் என்ன செய்யும்? படம் சுமாராக இருந்திருந்தாலும் எகிறியிருக்கும். 'கதைசொல்லி' நல்ல படம் என்பது என் எண்ணம். அதற்கும் 61.8க்கும் இடையே நான் தேடிய கோடு கிடைக்கவில்லை. ஆகவே, நவாப் சொன்னது தப்பு என்று நிரூபிக்க இந்த எண் உதவாது. தப்புதான், ஆனால் அதை நிரூபிக்க 'பிரம்மச்சாரிகள்' முன்னால் போய் நிற்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கதை உண்டு, நம் பக்கத்து வீட்டிலிருந்து. இ நியோமன் மஸ்ரியாடி, 1973இல் பாலியில் பிறந்தவர். ஜோக்ஜகர்த்தா கலைக் கல்லூரியில் சேர்ந்து படிப்பை முடிக்காமல் வெளியேறினார். பாலிக்குத் திரும்பிச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சின்னச் சின்னப் படங்கள் வரைந்து விற்றார். மறுபடி ஜோக்ஜகர்த்தா போய், கறுத்த மேனியும் முறுக்கேறிய தசையுமாக, காமிக்ஸ் வீரர்கள் போன்ற உருவங்களை வரைய ஆரம்பித்தார். 2008 அக்டோபரில் ஹாங்காங் சதபீஸ் ஏலத்தில் அவருடைய 'பந்துல்காரன்' என்ற மூன்று பலகைக் குத்துச்சண்டைப் படம் 78 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. அமெரிக்கப் பணத்தில் பத்து லட்சத்துக்கும் சற்று மேல். லேமன் பிரதர்ஸ் திவாலாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உலகமே கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாதத்தில் முப்பத்தைந்து வயது இந்தோனேசியருக்கு இந்த விலை. கோரெங் என்ற சொல் எத்தனை வாய்களில் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அதற்குப் பிறகு மஸ்ரியாடியின் படத்தைப் படமாகப் பார்ப்பது கஷ்டமாகிவிட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருடைய கேலி கூர்மையானது. அதிகாரம், ஆண் வீறாப்பு, கலைச் சந்தை எல்லாவற்றையும் அந்தப் புடைத்த தசைகளை வைத்தே கிண்டல் செய்கிறார். ஆனால் முன்னால் நிற்பவன் மண்டையில் முதலில் ஓடுவது அந்தப் பத்து லட்சம். பிடித்தவர்களும் அதையே சொல்கிறார்கள், பிடிக்காதவர்களும் அதையே சொல்கிறார்கள். ஷெர்-கில்லுக்கு விலை வரும் முன்பே அவரைப் பற்றிப் புத்தகம் வந்துவிட்டது. மஸ்ரியாடிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. கிள்ளான் பையனுக்கும் கிடைக்கப் போவதில்லை. 2010இல் கோலாலம்பூரிலும் ஓவிய ஏலம் சூடு பிடிக்க ஆரம்பித்த பிறகு, இங்கேயும் விலைதான் முதல் விமர்சனம். நம்மிடையே இருந்து வந்த ஓவியர்களைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது எவ்வளவு? சையத் தாஜுதீன், மஸ்ஜித் இந்தியாக் கடைக்காரர்கள் பலரைப் போலவே ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அழகன்குளத்தில் பிறந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் படித்து, இராமாயணத்தைப் பெரிய பெரிய திரைகளில் வரைந்த மலேசிய ஓவியர். அவர் பெயரைச் சொன்னால் நம் இலக்கியக் கூட்டங்களில் எத்தனை பேர் தலையாட்டுவார்கள்?

இதையெல்லாம் அடுத்த முறை மாடியில் சொன்னேன். சார் முகம் சுருங்கியது. "அப்ப ஷெர்-கில் உதாரணத்த நான் சொல்லக் கூடாதா?" என்றார். "சொல்லுங்க சார், வெலய விட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன். அண்ணன் சிரித்தார். நான் அவர் பக்கம் திரும்பி, "நீங்களும் கோரெங்னு சொல்லக் கூடாது அண்ணே, அதுவும் வெலதான்" என்றதும் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அண்ணன் எழுந்து போய் அந்தச் சின்னப் படத்தை எடுத்து, துணியை அவிழ்த்து, சேலை விரித்துக் காட்டும் மேசை மேல் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தார்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் தொழிற்சாலைச் சட்டை ஒன்று தொங்குகிறது. பின்னால் பச்சைச் சுவர். சட்டையின் தோள்மடிப்பில் நீலத்துக்குள் ஒரு பழுப்பு ஓடுகிறது, அது அபாரம். இன்னும் வேர்வை காயாத சட்டை என்று பார்த்ததும் தெரிகிறது. ஆனால் நாற்காலியின் கால்கள் தரையில் ஊன்றவில்லை. நான் அதைச் சொன்னேன். சார், அது வேண்டுமென்றே செய்தது என்றார். அண்ணன் குனிந்து மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்துவிட்டு, "இல்ல சார், பையனுக்குக் கால் வரைய வரல. சட்டைய நல்லாப் பண்ணிட்டான். துணி தெரிஞ்சவன் இவன்" என்றார். சேலைக் கடைக்காரர் வாயிலிருந்து அது பெரிய சொல். கால் ஊன்றியதா இல்லையா என்பதிலேயே கடை சாத்தும் நேரம் வந்துவிட்டது. தே தாரிக் ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது.

இறங்கி வரும்போது சார் படிக்கட்டில் என் தோளைப் பிடித்து, படம் இப்போது நாலாயிரம் என்றார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.