பட்டம் பெற்ற பின்னும் பாடம்

1951ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27ஆம் நாள் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அந்நகர் அப்பொழுது திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தின் தலைநகர். அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு முதலிய தமிழ்த் தாலுகாக்களும் அவ்விராச்சியத்தில் அடங்கியிருந்தன. 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் அவை தமிழகத்தோடு இணைந்தன. ஆதலால் அக்கல்லூரி தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டுத் தமிழருக்கும் சொந்தக் கல்லூரியாகவே விளங்கிற்று. அதன் முதல்வராக அமர்ந்த டாக்டர் சி. ஓ. கருணாகரன் நுண்கிருமி ஆராய்ச்சியில் தேர்ந்தவர்.

அவ்வாண்டில் அங்குச் சேர்ந்த மாணவர் ஒருவரை நாம் மனத்திற் கொள்வோம். வாந்திபேதி கண்டவருக்கு இரத்தக் குழாய் வழியாக உப்பு நீர் ஏற்ற வேண்டும் என்று அவர் கற்றிருப்பார். பக்கவாதத்துக்கோ, படுக்கையில் கிடத்திப் பணிவிடை செய்வதன்றி வேறு வழி அக்காலத்து மருத்துவ நூல்களில் இல்லை. அவர் தொழிலை விட்டு ஓய்வு பெறுமுன் இவ்விரு பாடங்களும் தலைகீழாக மாறிவிட்டன.

வாந்திபேதிக் கிருமியை இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1884இல் கல்கத்தாவில் பிரித்தெடுத்துக் காட்டினார். ஆயினும் அது மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பது மேலும் 75 ஆண்டுகள் தெளிவாகவில்லை. 1959இல் அதே கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் பேராசிரியர், கிருமியை முற்றும் வடித்து நீக்கிய சாற்றை முயலின் குடலிற் செலுத்திப் பார்த்தார். கிருமி இல்லாத போதும் குடலில் நீர் நிறைந்தது. நோய்க்குக் காரணம் கிருமி விடும் நஞ்சே என்பது அதனால் உறுதியாயிற்று. எளிய ஆய்வுச்சாலையில் இருந்துகொண்டு இத்தகைய உண்மையைக் கண்ட அப்பெருமகனை நம் நாடு அவர் வாழ்நாளில் தக்கவாறு போற்றவில்லை என்பதே நம் கருத்து.

அந்நஞ்சு குடலின் உட்சுவரைச் சிதைப்பதில்லை. உடலிலுள்ள நீரை வெளியே இறைக்கச் செய்கிறது. ஆகவே உப்போடு சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கக் கொடுத்தால், சர்க்கரை உப்பை உள்ளே இழுத்துச் செல்லும். உப்பைத் தொடர்ந்து நீரும் செல்லும். 1971இல் வங்கப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் ஊசி வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இம்முறையையே கைக்கொண்டார். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் மாண்ட இடத்தில், அவர் கவனிப்பில் இருந்தோருள் நான்கு பேருக்கும் குறைவானவரே மாண்டனர். ஒரு லிட்டர் தூய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால், மருந்துக் கடைப் பொட்டலம் கைக்கு வரும்வரை அது உதவும். இவ்வளவு மலிவான மருந்து என்பதாலேயே போலும், நெடுங்காலம் ஊசியையே பெரிதென மதித்த மருத்துவரும் நோயாளரும் பலர். உலக சுகாதார நிறுவனம் அப்பொட்டலத்தின் அளவுகளையும் 2002இல் திருத்திற்று. பழைய அளவைக் கற்றவர் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று.

பக்கவாதத்தின் வரலாறு வேறு வகையானது. மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலும் அது வரும். குழாய் வெடிப்பதாலும் வரும். வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. அடைப்பைக் கரைக்கும் மருந்தை வெடிப்புக்குக் கொடுத்தால் அதுவே எமனாகும். மண்டையைத் திறவாமல் உள்ளே காட்டும் சி.டி. ஸ்கேன் கருவி 1971இல் இங்கிலாந்தில் முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்ட பின்னரே இரண்டையும் விரைவில் பிரித்தறிய முடிந்தது. கரைக்கும் மருந்து மூன்று மணி நேரத்துக்குள் பயன் தரும் என்று 1995இல் மெய்ப்பிக்கப்பட்டது. நாலரை மணி வரை கொடுக்கலாம் என 2008இல் தெரிந்தது. பெருங்குழாய் அடைப்பைக் கம்பி வழியே வெளியே இழுக்கும் முறையை 2015இல் வெளிவந்த ஆய்வுகள் நிலைநாட்டின.

திருவனந்தபுரத்தில் இத்துறைக்கு நிலைக்களனாக அமைந்தது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் அளித்த கட்டடத்தில் தோன்றி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அங்குள்ள மருத்துவர்கள் முன்னின்று நகரிலும் அண்டைக் கிராமங்களிலும் ஆறு மாத காலம் கணக்கெடுத்து, 541 பக்கவாத நோயாளரைப் பதிவு செய்தனர். 2009இல் வெளியான அக்கணக்கின்படி, ஆண்டுக்கு இலட்சம் பேரில் 135 பேரை நோய் தாக்குகிறது. நகரம், கிராமம் என்ற வேறுபாடு அதில் ஏறக்குறைய இல்லை. ஆனால் 28 நாட்களுக்குள் மாண்டவர் நகரில் நூற்றுக்கு 24.5, கிராமத்தில் 37.1.

நோய் ஒன்றாயிருக்க, சாவு மட்டும் ஏன் கிராமத்தில் மிகுந்தது? தொலைவும் வறுமையும் காரணமாகலாம். முதலிற் பார்க்கும் மருத்துவர் நோயைக் கண்டு, தாமதமின்றித் தக்க இடத்துக்கு அனுப்புகிறாரா என்பதும் காரணமாகலாம். இதனாற்றான் மருத்துவர்க்குத் தொடர் கல்வி வேண்டும் என்கிறோம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி, ஐந்தாண்டுக்கு முப்பது மணி நேரம் அத்தகைய கல்வி பெற வேண்டும் என்றது. ஆண்டுக்கு ஆறு மணி நேரம். இது போதாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஒரு செய்தி. முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தாழ்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எந்த ஊர் மருத்துவரும் முதலிற் கேட்பது, நோயாளி கடைசியாக எப்பொழுது நன்றாயிருந்தார் என்பதே. உறக்கத்திலிருந்து எழும்போது கண்டால், படுக்கைக்குச் சென்ற நேரத்திலிருந்தே கணக்கிடுவர். அந்த நேரத்தை அவ்வூர் மொழியில் சொல்ல வீட்டார் ஒவ்வொருவரும் பழகியிருத்தல் வேண்டும்.