ஓவியத்தில் தெரியாத தையல்

இடைக்காலத்தின் இறுதியில் ஐரோப்பியப் பிரபுக்கள் என்ன உடுத்தினார்கள் என்று அறிய ஆய்வாளர்கள் முதலில் ஓவியங்களைத்தான் பார்க்கிறார்கள். துணி மட்கிவிடும், வண்ணம் நிற்கும். பிரான்சின் பெரி கோமகனுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் மூவர் 1412 முதல் 1416 வரை தீட்டிய செபநூல் அவற்றில் பெயர்பெற்றது. அதன் ஜனவரிப் பக்கத்தில், பொன்வேலை செய்த நீல அங்கியில் கோமகன் விருந்துக்கு அமர்ந்திருக்கிறார்.

அந்தப் படத்தை ஒரு தையல்காரரிடம் கொடுத்தால் அவர் எங்கே கத்தரி வைப்பார்? தையல் ஓடும் இடமும் உள்ளே வைத்த பஞ்சும் படத்தில் இல்லை. லியோன் துணி அருங்காட்சியகத்தில் ஒரு மேற்சட்டை இருக்கிறது. 1364இல் போரில் மாண்ட சார்ல் த புளுவாவுடையது என்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளை இணைத்தது. கைக்குழி மார்பிலும் முதுகிலும் வெகுதூரம் உள்வாங்கி வெட்டப்பட்டிருப்பதால், கையைத் தூக்கினாலும் சட்டை மேலேறாது. இந்த அறிவு அணிந்தவருடையதல்ல, வெட்டியவருடையது. அவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

அதே செபநூலின் பிப்ரவரிப் பக்கத்தில், வெளியே பனி. உள்ளே உழைப்பாளிகள் உடையைத் தூக்கி நெருப்பில் குளிர்காய்கிறார்கள். மறைவிடம் தெரிகிறது. கோமகனை ஓவியர் இப்படித் தீட்டியிருப்பாரா? இதை அப்படியே உழவர் உடைக்குச் சான்றாகக் கொள்ள நம்மால் இயலாது.

இங்கிலாந்தின் 1363ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துப் படிப்போம். கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பற்றாக்குறை, கூலி உயர்வு. ஏர் ஓட்டுவோர், ஆடு மேய்ப்போர் போன்றோரில் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருள்கூட இல்லாதவர்கள் முரட்டுக் கம்பளித் துணி மட்டுமே உடுத்த வேண்டும் என்றது சட்டம். உடுத்தத் தொடங்கியதைத்தானே தடுப்பார்கள்! தோளில் துண்டுக்கும் காலில் செருப்புக்கும் தடை கண்ட நமக்கு இதற்கு உரை தேவையில்லை. அந்தச் சட்டம் விரைவிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது.

எளியவர்களின் உடையே கிடைத்த இடமும் உண்டு. கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைத் தோட்டத்தை 1921இல் டென்மார்க்கின் போல் நோர்லுண்ட் தோண்டினார். உறைந்த மண்ணில், பிணத்துக்குச் சுற்றிய பழைய அங்கிகள், முக்காடுகள், குழந்தை உடுப்புகள் கெடாமல் இருந்தன. கம்பளி நூலில் கையால் நெய்தவை. இடுப்புக்குக் கீழே விரிய, முக்கோணத் துண்டுகள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஓவியங்களில் காணும் வால் நீண்ட முக்காடு இங்கும் இருக்கிறது.

அந்த உடைகளை அளந்து, துண்டு துண்டாக வரைந்துவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து இன்றும் தைக்கிறார்கள். கோமகனின் நீல அங்கிக்கு அப்படியொரு அளவு இல்லை.