வீட்டுலையில் பிறந்த வேட்டைத் துப்பாக்கி

மனிதன் கற்ற தொழில்களுள் மிகப் பழையது வேட்டை. குறிஞ்சி நிலத்து வேட்டுவன் வில்லைத் தானே வளைத்தான். நாணைத் தானே திரித்தான். வலையைத் தன் மனையிலேயே முடைந்தான். கருவியைச் செய்தவனும் அதனைக் கையாண்டவனும் ஒருவனாகவே இருந்த காலம் அது. துப்பாக்கி வந்தபோது அந்த ஒருமை குலைந்துபோயிருக்க வேண்டும். ஆனால் நம் நாட்டில் அது உடனே குலையவில்லை. இரும்புக் குழலை ஊர்க் கொல்லன் அடித்தான். கட்டையைத் தச்சன் செதுக்கினான். பழுது வந்தால் வேட்டைக்காரன் தன் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து சரிசெய்துகொண்டான். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக் காலம் இந்தியாவில் துப்பாக்கி ஒரு குடிசைத் தொழிலின் விளைபொருளாகவும் இருந்தது. அத்தொழில் எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு குற்றமாயிற்று என்னும் வரலாற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து வந்தது என்பர் அறிஞர். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது துபாகி, துபாக்கி என வழங்குகிறது. சொல் வெளியிலிருந்து வந்ததாயினும் அதனைச் சூழ்ந்து வளர்ந்த தொழிற்சொற்கள் நம்முடையவை. குழல், கட்டை, விசை, மருந்து, ரவை, திரி, கெட்டித்தல் ஆகிய சொற்கள் எல்லாம் ஊர்ப்புறத்துப் பட்டறையிலும் காட்டு ஓரத்திலும் புழங்கியவை. ஒரு கருவியின் உறுப்புகளுக்கெல்லாம் மக்கள் தம் மொழியிலேயே பெயரிட்டுவிட்டார்கள் என்றால், அக்கருவி அவர்கள் வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேர்கொண்டது என்பதை நாம் உய்த்துணரலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். குழலின் உட்புறத்தில் சுழல்வரிகள் வெட்டப்பட்டிருப்பதே ரைபிள். அவ்வரிகள் குண்டைச் சுழற்றி நேராகவும் நெடுந்தொலைவும் செலுத்துகின்றன. நம் ஊர்க் கொல்லன் செய்தது பெரும்பாலும் வழவழப்பான குழலுடைய நாட்டுத் துப்பாக்கியே. ஆனால் வேட்டைக்காரனுக்கு இரண்டும் ஒரே பயனுக்குரியவைதாம். செல்வர் ரைபிள் வாங்கினர். எளியவர் நாட்டுத் துப்பாக்கி செய்துகொண்டனர்.

அரண்மனையும் பட்டறையும்

முகலாயப் பேரரசர் அக்பர் துப்பாக்கி செய்யும் கலையில் தாமே ஈடுபாடு கொண்டிருந்தார். அபுல் பசல் எழுதிய ‘ஆயினி அக்பரி’ என்னும் நூல் இதனை விரிவாகக் கூறுகிறது. இரும்புத் தகட்டை வெறுமனே மடித்து ஒட்டிய பழைய குழல்கள் வெடித்துச் சிதறி உயிர்களைக் குடித்தன. காகிதத்தைச் சாய்வாகச் சுருட்டுவதுபோல் தகட்டைச் சுற்றி, விளிம்பின்மேல் விளிம்பு ஏறுமாறு அடித்து இணைக்கும் முறை அக்பர் காலத்தில் மேற்கொள்ளப்பட்டது. மாடு பூட்டிச் சுழற்றும் பொறி ஒன்றினால் 16 குழல்களை ஒரே நேரத்தில் துப்புரவு செய்தனர் என்றும் அந்நூல் சொல்கிறது. அக்பர் தம் துப்பாக்கிகளுக்குப் பெயரிட்டார். ‘சங்கிராம்’ என்னும் துப்பாக்கியால் 1568இல் சித்தூர் முற்றுகையின்போது கோட்டைத் தலைவன் ஜெய்மாலைச் சுட்டார் என்பது வரலாறு. அதே துப்பாக்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகளையும் வீழ்த்தியது.

அரண்மனையின் கலை காலப்போக்கில் சிற்றூர்ப் பட்டறைக்கும் இறங்கி வந்தது. இதற்குச் சிறந்த சான்று பீகாரிலுள்ள முங்கேர் நகரம். வங்காள நவாபு மீர் காசிம் 1762 அளவில் தம் தலைநகரை மூர்ஷிதாபாதிலிருந்து கங்கைக் கரையிலுள்ள இந்நகருக்கு மாற்றினார். குர்கின் கான் என்னும் ஆர்மீனியத் தளபதியின் மேற்பார்வையில் படைக்கலச் சாலை ஒன்றும் அங்கு அமைந்தது. 1764இல் பக்சார் போரில் நவாபின் அணி தோற்றது. அரசு போயிற்று, ஆனால் கொல்லர்கள் போகவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு என அத்தொழில் தொடர்ந்தது. ஆங்கிலேயத் துப்பாக்கிகளைப் பார்த்து அவற்றைப்போலவே செய்து குறைந்த விலைக்கு விற்ற முங்கேர்க் கைவினைஞர்களின் புகழ் வங்க மாகாணம் எங்கும் பரவிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னரும் உரிமம் பெற்ற தொழிற்கூடங்கள் அந்நகரில் இயங்கின. அதே நகரின் பெயர் கள்ளத் துப்பாக்கியோடும் சேர்த்துப் பேசப்படுவது அக்கைத்திறனின் அவலமான மறுபக்கம்.

எளியவனின் கருவி

சிறு பொருட்செலவில் உருவான இந்த நாட்டுத் துப்பாக்கியின் இயல்பு என்ன? மரம் ஊர்க்காட்டில் கிடைத்தது. இரும்பு பழைய பொருள்களிலிருந்து கிடைத்தது. மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு பீகார் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஐரோப்பாவுக்கே போய்க்கொண்டிருந்த சரக்கு. ஆகவே உழவனும் மலைவாழ் மகனும் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் அக்கருவி இருந்தது.

விலை குறைவாயினும் அது கேட்ட காணிக்கை பெரிது. குழலின் வாய்வழியாக மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டித்து முடிப்பதற்குள் விலங்கு ஓடி மறைந்துவிடும். மழை பெய்தால் மருந்து நமத்துப்போகும். குழலில் குறை இருந்தால் அது சுட்டவன் கையையே பறிக்கும். ஒரே ஒரு வெடி, அதுவும் அண்மையிலிருந்து. எனவே நாட்டுத் துப்பாக்கிக்காரன் காற்றின் திசை அறிந்தவனாக, தடம் காணத் தெரிந்தவனாக, மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருக்கும் பொறுமையுடையவனாக இருந்தாக வேண்டியிருந்தது. கருவியின் குறையைக் கானறிவு ஈடுசெய்தது.

கடல் கடந்தும் இதற்கு ஓர் இணை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் சிறு பட்டறைகளில் நீண்ட குழலுடைய வேட்டை ரைபிளை உருவாக்கினர். குழலின் துளையைச் சிறிதாக்கியதால் ஈயமும் மருந்தும் மிச்சமாயின. எல்லைப்புறத்து ஏழைக் குடியானவனின் சிக்கனமே அக்கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தது எனலாம். அங்கே அந்தக் கைவினைத் துப்பாக்கி நாட்டுப் பெருமையின் சின்னமாயிற்று. குடிமக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791இல் அரசியல் சட்டத்திலேயே ஏறிற்று. இங்கே நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது.

1878

தமிழகம் இந்த மாற்றத்தை முன்னரே கண்டுவிட்டது. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலேய அரசு தென்பாளையங்களில் ஆயுதங்களுக்குத் தடை விதித்தது, கோட்டைகளும் இடிக்கப்பட்டன. 1857 எழுச்சிக்குப் பின் அந்த அச்சம் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்த 1878ஆம் ஆண்டில் மூன்று சட்டங்கள் வந்தன. தாய்மொழிப் பத்திரிகைகளை ஒடுக்க ஒன்று. காட்டை அரசுடைமையாக்க ஒன்று. மக்கள் கையிலிருந்த ஆயுதத்தைக் கட்டுப்படுத்த ஒன்று. பேச்சு, காடு, கருவி ஆகிய மூன்றும் ஓராண்டிலேயே உரிமம் கேட்டு நிற்கும் நிலைக்கு வந்தன.

ஆயுதச் சட்டம் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. ஐரோப்பியருக்கும் சில உயர்நிலையினருக்கும் விலக்கு உண்டு. உழவனோ தன் தினைப்புனத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவும் அதிகாரியிடம் மனுச்செய்ய வேண்டும். இந்தப் பாகுபாட்டை எதிர்த்து முதலில் ஒலித்த குரல்களுள் ஒன்று சென்னையிலேயே எழுந்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. 1887இல் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரசில், ஆயுதச் சட்டத்துக்கு எதிராக இளைஞர் பிபின் சந்திர பாலர் முழங்கினார். அகிம்சையைப் போதித்த காந்தியடிகளும் ஒரு மக்களினம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய இச்சட்டத்தை 1918இல் கடுமையாகக் கண்டித்தார்.

ஒரே காடு, இரு பெயர்கள்

சட்டம் காட்டுக்குள் புகுந்தபின் வேட்டைக்காரர் இருவகையினர் ஆயினர். உரிமச் சீட்டு உடையவர் ‘ஷிகாரி’ எனப் போற்றப்பட்டார். இல்லாதவன் திருட்டு வேட்டைக்காரன் எனப்பட்டான்.

புகழ்பெற்ற ஜிம் கார்பெட்டின் நூல்கள் இதற்கு நல்ல விளக்கம். 1875இல் நைனிதாலில் பிறந்த அவருக்குச் சிறு வயதில் கிடைத்த முதல் துப்பாக்கி ஒரு பழைய இரட்டைக் குழல். அதில் ஒரு குழல் பிளந்து பயனற்றுக் கிடந்தது. உடைந்த கட்டையைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஏழைச் சிற்றூரான் வைத்திருந்த துப்பாக்கிக்கும் அதற்கும் தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அவருக்குக் காட்டு வழிகளைக் கற்பித்தவர்களுள் குன்வர் சிங் என்னும் ஊர்த்தலைவர் ஒருவர். கார்பெட்டே அவரைக் காலாதுங்கியின் தலைசிறந்த திருட்டு வேட்டைக்காரர் என்று அன்போடு குறிப்பிடுகிறார். ஆசிரியருக்கு அந்தப் பெயர். மாணவருக்கு உலகப் புகழ்!

தமிழகத்திலும் இக்கதை நிகழ்ந்தது. கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட தம் முதல் வேட்டை நூலில், பென்னாகரத்தை அடுத்த காட்டில் தாம் கண்ட பைரா என்னும் பூசாரிக் குடியினரைப் பற்றி ஓர் இயலே எழுதியுள்ளார். பழைய நாட்டுத் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் பதுங்கியிருந்தவர் அவர். சட்டத்தின் கண்ணில் குற்றவாளியான அவரே ஆண்டர்சனின் துணைவரும் தடங்காணும் வழிகாட்டியும் ஆனார்.

குடகு பெற்ற விலக்கு

இந்தியா முழுவதும் இழந்ததை ஒரு சிறு நாடு இழக்காமல் காத்துக்கொண்டது. அதுதான் குடகு. 1861இல் ஆணையர் மார்க் கப்பன் கொடவர்களுக்கு ஆயுதக் களைவுச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார். அவர்கள் காட்டிய விசுவாசத்துக்கான பரிசு அது. கொடவ இனத்தாரும் ஜம்மா நிலமுடையோரும் இன்றும் அவ்விலக்கைப் பெற்றுள்ளனர். மைய அரசு 2019இல் அதனை 2029 வரை நீட்டித்தது. அங்கே ஆண் மகவு பிறந்தால் ஒரு வெடி. இறப்பு நேர்ந்தால் இரு வெடிகள். நாற்று நடவு முடிந்தபின் வரும் கைல்போள்து திருநாளில் துப்பாக்கியைப் பூச்சூட்டி வழிபடுகின்றனர். தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டியும் நடைபெறும். துப்பாக்கி வீட்டில் இருந்தால் ஊர் கெட்டுவிடும் என்னும் வாதத்துக்கு இம்மலைநாடு அமைதியாக விடை கூறுகிறது.

குருவிக்காரர் இழந்தது

விலக்குப் பெறும் செல்வாக்கு இல்லாதோர் நிலை வேறு. தமிழகத்து நரிக்குறவரை நாம் அறிவோம். வடபுலத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து, வாக்ரிபோலி என்னும் இந்தோ ஆரிய மொழியை வீட்டில் பேசி, தமிழை வெளியில் பேசி வாழ்பவர்கள். தமிழை வீட்டிலும் பிறமொழியை வெளியிலும் பேசி வாழும் நம்மைப் போன்றோர்க்கு அவர்களுடைய நிலை எளிதில் விளங்கும். நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கௌதாரியும் காடையும் நரியும் தேடி அலைந்தார்கள். நரி வேட்டையாடியதால் நரிக்குறவர். குருவி பிடித்ததால் குருவிக்காரர். தொழிலே பெயராயிற்று.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் தேவையை எவரும் மறுக்க முடியாது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் எஞ்சியிருந்த புலிகள் ஏறத்தாழ 1,800 மட்டுமே. சிவிங்கிப்புலி 1952இலேயே நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் காடு இவ்வாறு வெறுமையானது யாரால்? சர்குஜா அரசர் ஒருவர் மட்டுமே ஆயிரத்துக்கு மேற்பட்ட புலிகளைச் சுட்டதாகத் தாமே கணக்குச் சொன்னார். நாட்டுத் துப்பாக்கியும் மானையும் பறவையையும் கொன்றது உண்மை. விடுதலைக்குப் பின் அதன் பங்கு பெருகியதும் உண்மை. எனினும் ஒரு வெடிக்கு ஒருமுறை கெட்டிக்க வேண்டிய கருவியையும், யானைமேல் அம்பாரியிலிருந்து வெடித்த விலையுயர்ந்த ரைபிளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியாகாது.

சட்டத்தின் சுமையோ எல்லோர் மீதும் ஒரே அளவாக விழவில்லை. அரசர் வேட்டையை நிறுத்தியதால் இழந்தது பொழுதுபோக்கு. குருவிக்காரர் இழந்தது பிழைப்பு. அவர்கள் ஊசிமணியும் பாசிமணியும் கோத்துப் பேருந்து நிலையங்களில் விற்கத் தொடங்கினர். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். வேட்டைக்குத் தடை வந்து சரியாக அரை நூற்றாண்டு கழித்து!

முடிவாக

இன்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வது கடுஞ்சிறைக்குரிய குற்றம். அதனைத் தளர்த்த வேண்டுமென்று எவரும் கேட்கப்போவதில்லை. காடும் அதில் எஞ்சிய உயிர்களும் காக்கப்பட வேண்டும். நாம் கேட்கக்கூடியது நேர்மையான ஒரு வரலாற்றுக் கணக்கு. அரசர்களின் துப்பாக்கிகள் பொன்முலாம் மின்ன அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. அவற்றின் கீழே உரியவர் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. ஊர்க் கொல்லன் அடித்த குழலும் தச்சன் செதுக்கிய கட்டையும் நீதிமன்றங்களில் குற்றச் சான்றாக மட்டுமே பதிவாயின. அவற்றைச் செய்த கைகளின் பெயர் எங்கும் இல்லை. நம் நாட்டுத் தொழில்நுட்ப வரலாற்றை முழுமையாக எழுத முனைவோர் அந்தப் பட்டறைகளுக்கும் ஓர் இயல் ஒதுக்குதல் வேண்டும்.