இக்கரையில் ஒரு நாள்

2019 கோடையில் வேலை நிமித்தமாக ஆறு மாதம் லண்டனில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை டீமில் இருந்த ஆங்கிலேய நண்பன் பிரைட்டனுக்கு அழைத்தான். விக்டோரியா ஸ்டேஷனில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடல். கரையில் மணல் கிடையாது, கூழாங்கல்தான். பொரித்த மீன் தின்றோம். கடலுக்குள் நீளும் இரும்பு மேடையில் நடந்தோம், டீ குடித்தோம், இருட்டியதும் திரும்பிவிட்டோம்.

நடுவில் சாக்கோட்டைக்கு வீடியோ கால் போட்டு அப்பத்தாவுக்குக் கடலைக் காட்டினேன். "ரயில்ல போயி கடலப் பாத்துட்டு அன்னிக்கே திரும்பிருவியளா?" என்று கேட்டாள். ஆமா என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். காது மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் வந்தது 1841-ல். அதே வருஷம் ஜூலையில் தாமஸ் குக் என்பவர் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில், சுமார் 500 பேரை ரயிலேற்றிக் கூட்டிப் போனார். உல்லாசப் பயணம் ஒரு தொழிலாக வளர்ந்ததற்கு அது ஒரு தொடக்கம். 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. பிறகு மில்லில் வேலை பார்த்தவர்களும் ஒரு நாளாவது கடலைப் பார்க்க முடிந்தது. போவதும் வருவதும் ஒரே டிக்கெட்டில் என்பதுதான் அதில் விசேஷம்.

அதே ஆங்கிலேயர்கள் எங்கள் பக்கமும் கடலுக்கு ரயில் விட்டார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட் கொழும்பு வரை செல்லும். இதுதான் போட் மெயில். 1930-ல் புதுக்கோட்டை-மானாமதுரைப் பாதை வந்ததும் காரைக்குடியும் இந்தத் தடத்தில் சேர்ந்தது. கொண்டுவிற்கப் போகும் செட்டியார்களுக்குக் கடல் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட மாதிரி ஆயிற்று. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறும் உத்தியோகம் அது. பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை. தவணை முடிந்தால் ஊர்.

அப்பத்தாவின் அய்யா அப்படி ஒரு கடைக்குச் சமையல்காரராகக் கொழும்பு செட்டியார் தெருவுக்குப் போய்வந்தவர். அவர் கொண்டுவந்த தகர டிரங்குப் பெட்டி இன்னும் எங்கள் பட்டாசாலையில் இருக்கிறது. அவருடைய தம்பி, வீட்டில் சின்னய்யா என்பார்கள், கங்காணி பின்னால் தேயிலை மலைக்குப் போனவர். அண்ணனும் தம்பியும் போனது ஒரே ரயிலில்தான், ஆனால் இறங்கின இடம் வேறு. தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபத்தில் இறக்கிவிடுவார்கள். இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. அம்மைக்கும் காலராவுக்கும் பயந்து, சில நாள் அடைத்துவைத்துப் பரிசோதித்து, அப்புறம்தான் கப்பல். அந்த ஊர் ஸ்டேஷனுக்கு இன்றைக்கும் 'மண்டபம் கேம்ப்' என்றுதான் பெயர்.

1939-ல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடைசெய்தது. சின்னய்யா அதற்கு முன்பே போயிருந்தார். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த வரிசையில் தன் பெயர் வரும் என்பதை அந்த மனிதர்களில் யாரும் முடிவுசெய்யவில்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி தனுஷ்கோடியைப் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போயிற்று. பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியர் 46 நாளில் சரிசெய்தார். எஞ்சினியரிங் படித்தபோது இந்தக் கதையைக் கேட்டுப் புல்லரித்திருக்கிறேன். அந்தப் பாலத்தின் வழியாக அதற்குப் பிறகு யார் வந்தார்கள் என்று யோசித்ததே இல்லை. தனுஷ்கோடி துறைமுகம் திரும்ப எழவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கம் பெயர் வைத்த ஜனங்கள் அதில்தான் வந்து இறங்கினார்கள். தங்கவைக்கப்பட்டது மறுபடியும் மண்டபம் முகாமில்.

2022 கடைசியில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. டிவியில் அதைப் பார்த்த அப்பத்தா, "என்னய ஒருக்கா கூட்டிட்டுப் போறியாப்பா? அன்னிக்கே வந்துரலாம்ல?" என்றாள். எண்பத்தைந்து வயசு. பிரைட்டன் அவளுக்கு மறக்கவில்லை.

காரைக்குடியில் காலை ரயில் ஏறினோம். புளிச்சோற்றுத் தூக்குவாளியை மடியிலேயே வைத்திருந்தாள். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டும்வரை பேச்சே இல்லை. மண்டபம் கேம்ப் பலகை ஜன்னலில் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"இங்கனதான் இறங்கிருப்பாக."

"யாரு அப்பத்தா?"

1973-ல் சின்னய்யாவிடமிருந்து ஒரு கடிதம் வந்ததாம். பெஞ்சாதி, ரெண்டு பிள்ளைகளோடு வருகிறேன், மண்டபத்துக்கு யாராவது வந்து ஊருக்கு அழைத்துப் போகவும் என்று. அப்போது அவள் அய்யா உயிரோடு இல்லை. வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் இவள்தான். சத்தமாகப் படித்திருக்கிறாள். அண்ணன்மார் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. காணியில் பங்கு கேட்பார் என்று பயம். யாரும் போகவில்லை.

"நாந்தானப்பா படிச்சேன். வேற ஆரு படிச்சா? போவோம்னு நானும் ஒரு வார்த்த சொல்லல."

ரயில் பாலத்தின் மேல் ஏறியது. பக்கத்தில் பழைய பாலம் துருவேறி, கூடவே வந்தது. எல்லோரும் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படமெடுத்தார்கள். அப்பத்தா தண்ணீரைப் பார்க்கவில்லை.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் காலை நனைத்தாள். கோயிலுக்குள் வரவில்லை. புளிச்சோற்றைத் தின்றுவிட்டு மதியத்துக்கு மேல் அதே ரயிலில் திரும்பினோம்.

வரும்போது போனில் தேடிக்கொண்டே வந்தேன். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்றைய டான்டீ. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடலூர், கோத்தகிரி பக்கம் இருக்கிறார்கள். சின்னய்யா அங்கேதான் போனார் என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"அங்க ரயில் போகுமா?" என்றாள்.

"கோயம்புத்தூர் வரைக்கும் போகும். அப்புறம் பஸ்ஸு."

"அன்னிக்கே திரும்ப முடியாதுல்ல?"

"முடியாது அப்பத்தா."

"பரவால்ல" என்றாள்.