சின்ன காருக்கு டர்போ, நைட்ரஸ்... பறக்குமா? பஸ்பமாகுமா?

ஸ்ரீபெரும்புதூர்:

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் கார் என்றால் அது சோறு போடும் தொழில். 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் இருந்து சான்ட்ரோ வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. பக்கத்திலேயே 1990 முதல் ரேஸ் டிராக் வேறு. அப்புறம் வாலிபர்களுக்கு வேக ஆசை வராமல் இருக்குமா?

"சின்ன காருக்கு டர்போ மாட்டினால் பறக்கும், நைட்ரஸ் அடித்தால் ராக்கெட்தான்" என்ற பேச்சு ஒர்க்‌ஷாப்களில் சகஜம். ஆனால் இது என்ன சமாச்சாரம், மாட்டினால் என்ன ஆகும்? இதோ விவரம்:

டர்போ என்றால் என்ன?

சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையை வைத்தே ஒரு சின்ன விசிறியைச் சுற்ற விடுவதுதான் டர்போ. இது நிமிஷத்துக்கு 1 லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள விசிறி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியலாம். பவர் எகிறும்.

இதற்கு உள்ளூர் உதாரணமே இருக்கு. 2020 டிசம்பரில் அறிமுகமான ஒரகடம் தயாரிப்பு நிசான் மேக்னைட் 2 இன்ஜின்களில் வந்தது. இரண்டும் 999 சிசி, 3 சிலிண்டர். டர்போ இல்லாததற்கு 72 குதிரை சக்தி. டர்போ உள்ளதற்கு 100. முதல் சான்ட்ரோவும் 999 சிசிதான். அதற்கு வெறும் 55!

அப்போ நாமே மாட்டினால்?

அங்கேதான் வில்லங்கம். கம்பெனி டர்போ காரில் பிஸ்டன், ஆயில் பாதை, கூலிங், கம்ப்யூட்டர் எல்லாமே அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. சாதா இன்ஜினில் டர்போவை மட்டும் மாட்டினால், சூட்டில் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். மெக்கானிக் பாஷையில் 'நாக்கிங்'. ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டன் உடையும். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றால் இன்டர்கூலர், இன்ஜெக்டர், கிளட்ச், பிரேக் வரை மாற்ற வேண்டும். செலவு எக்கச்சக்கம்.

நைட்ரஸ் மேட்டர்

நைட்ரஸ் ஆக்சைடு வேறு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் அதே சிரிப்பூட்டும் வாயுதான். 2001-ல் வந்த 'தி பாஸ்ட் அண்ட் தி பியூரியஸ்' ஹாலிவுட் படம் இதை வாலிபர்களிடம் பிரபலமாக்கியது.

இது தானாக எரியாது. சுமார் 300 டிகிரி சூட்டில் பிரிந்து ஆக்சிஜனைத் தரும். காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம். நைட்ரஸில் 36 சதவீதம். அதனால் பட்டனை அழுத்திய சில நொடிகளுக்கு இன்ஜின் சீறும். ஆனால் அதற்கேற்ற பெட்ரோல் கூடவே வராவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். டிக்கியில் இருக்கும் சிலிண்டர் கடும் அழுத்தம் கொண்டது. வெயிலில் அழுத்தம் இன்னும் ஏறும். நம்ம ஊர் மே மாத வெயிலைச் சொல்லவா வேணும்?

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும். ரோட்டில் ரேஸ் விட்டால் முதல் முறை 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஜெயில் 1 வருஷம் வரை போகும், அபராதம் ரூ.10 ஆயிரம் வரை.

சொல்லாமல் மாற்றிய காருக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவோர் ஆர்.சி.யையும் இன்ஜினையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. முந்தைய ஓனர் செய்த வேலைக்கு நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடாது அல்லவா?

டிராக்கிலேயே ஆபத்து

இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். அங்கு எதிரே வண்டி வராது. ஹெல்மெட், ரோல் கேஜ், ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாம் உண்டு. அப்படியும் 2023 ஜனவரி 8-ந்தேதி நடந்த கார் ரேஸில் மூத்த வீரர் கே.இ.குமார் (வயது 59) விபத்தில் இறந்தார்.

ஒரகடம் ரோட்டில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. கன்டெய்னர் லாரி திரும்பும், ஷிப்ட் பஸ் நிற்கும், நைட் ஷிப்ட் முடிந்த தொழிலாளி அரைத்தூக்கத்தில் ரோட்டைக் கடப்பார். 55 குதிரைக்கு என்று செய்த பிரேக், 100 குதிரை வேகத்தில் வரும் காரை அவருக்கு முன்னால் நிறுத்துமா?

வேகம் வேண்டும் என்பவர்கள் கம்பெனியே டர்போ வைத்துத் தரும் காரை வாங்கலாம். 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனில் 1 லிட்டர் டர்போ இன்ஜின் 120 குதிரை சக்தி தருகிறது. அதை ஓட்டிக் காட்டும் இடம் டிராக். ரோடு அல்ல!