வடுவிலிருந்து தொடக்கத்துக்கு: நீரிழிவுச் சிறுநீரக நோய் அறியப்பட்ட வரலாறு

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்நாளங்களை நீரிழிவு எப்படிச் சிதைக்கிறது என்பது மருத்துவ உலகுக்குத் தலைகீழ் வரிசையில்தான் தெரியவந்தது. முதலில் கண்ணில் பட்டது நோயின் கடைசிக் கட்டமான வடு. அதன் தொடக்கம் பிடிபட மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. புதிய கோட்பாடுகளைவிட, நுட்பமான அளவைகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்ததே இந்த நோயின் தொடக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போயிற்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிறுநீரகத்துக்குள் சிறு உருண்டைகள் இருப்பதை 1666-இல் பொலோனியாவின் மார்செல்லோ மால்பிகி எழுதிவைத்தார். அந்த நுண்நாள முடிச்சைச் சூழ்ந்திருக்கும் உறையே சிறுநீர்க் குழலாக நீள்கிறது என்று 1842-இல் வில்லியம் பௌமன் காட்டினார். கிளாமருலஸ் என்று இன்று நாம் சொல்லும் இந்த முடிச்சு சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் முடிச்சுகள் இருக்கின்றன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. உடலின் மற்ற நுண்நாளங்களிலிருந்து இவை ஒரு விதத்தில் வேறுபட்டவை: உள்ளே வருவதும் தமனி, வெளியே போவதும் தமனி. இரண்டு வாயில்களும் சுருங்கி விரிவதைப் பொறுத்தே உள்ளழுத்தம் அமைகிறது. பின்னால் வரும் கதை முழுவதும் இந்த அமைப்பைச் சுற்றியே நடக்கிறது.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். அது வெண்மையாகத் திரிந்தால் புரதம் ஒழுகுகிறது என்று பொருள். இப்படிப் புரதம் ஒழுகியவர்களின் சிறுநீரகம் கெட்டிருந்ததை 1827-இல் அவர் வெளியிட்டார். நீரிழிவுக்காரர்களின் சிறுநீரிலும் புரதம் இருப்பதையும், அவர்களது சிறுநீரகம் பருத்திருப்பதையும் 1840 வாக்கில் பாரிசில் பியர் ரேயர் கவனித்தார். பருத்த சிறுநீரகம் என்ற அந்தக் குறிப்பு அருமையான தடயம். ஆனால் அதைத் தொடர்ந்து செல்ல நோயாளிகள் உயிரோடு இருக்கவில்லை. நீரிழிவு வந்த இளைஞர்கள் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோன காலம் அது. டொரண்டோவில் 1922-இல் இன்சுலின் மருந்தான பிறகுதான், நுண்நாளங்கள் கெடும் அளவுக்கு நீண்ட காலம் நீரிழிவோடு வாழ்பவர்கள் பெருமளவில் உருவானார்கள்.

1936-இல் பாஸ்டனில் இருவர் எட்டு நோயாளிகளின் சிறுநீரகங்களைப் பிரேதப் பரிசோதனையில் ஆராய்ந்து எழுதினார்கள். ஒருவர் நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய நோயியலாளர் பால் கிம்மெல்ஸ்டீல். மற்றவர் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த கிளிஃபர்ட் வில்சன். நுண்ணோக்கியில் கிளாமருலஸின் மடல் நடுவே வழுவழுப்பான, ஏறத்தாழ உருண்டையான கட்டி தெரிந்தது. நுண்நாள வளையங்கள் அதன் விளிம்புக்கு ஒதுக்கப்பட்டு, மாலைபோல் சுற்றிக் கிடந்தன. எட்டுப் பேரில் ஏழு பேருக்கு நீரிழிவு இருந்தது. ஆனால் ஆசிரியர்கள் நீரிழிவின்மீது முழுப் பழியையும் போடவில்லை. தமனித் தடிப்புக்கும் பங்கிருக்கலாம் என்றே எழுதினார்கள். அந்த நிதானத்தைக் குறை சொல்ல முடியாது. வடுவை மட்டும் பார்த்தவர்கள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? 1941-இல் ஆர்தர் ஆலன் பெரும் எண்ணிக்கையில் பிரேதங்களை ஒப்பிட்ட பிறகே நீரிழிவுடனான தொடர்பு உறுதியாயிற்று.

உயிரோடிருப்பவரின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் திசு எடுக்கும் பயாப்சி முறையை 1951-இல் கோபன்ஹேகனின் ஐவர்சனும் பிரூனும் வெளியிட்டனர். அதே டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், கண், சிறுநீரகம் இரண்டிலும் காணும் சிதைவு நீரிழிவுக்கே உரிய நாள நோய் என்று க்னுட் லுண்ட்பெக் வாதிட்டார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்ததும் விவாதம் நுண்நாளத்தின் அடித்தளச் சவ்வுக்கு நகர்ந்தது. இந்தச் சவ்வு தடிப்பது சர்க்கரையாலா, பிறவியிலேயே வருவதா? சர்க்கரை ஏறும் முன்பே தசை நுண்நாளங்களில் தடிப்பு இருப்பதாக 1968-இல் அமெரிக்காவில் சிப்பர்ஸ்டீன் குழு அறிவித்தது. அப்படியானால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி என்ன பயன் என்ற கேள்வி எழுந்தது. ஆர்ஹுஸில் ரூத் ஓஸ்டர்பி சிறுநீரகத் திசுக்களைப் பொறுமையாக அளந்து பதில் சொன்னார்: நோய் கண்டறியப்பட்ட வேளையில் சவ்வு இயல்பான தடிமனில் இருக்கிறது; சில ஆண்டுகளில் தடிக்கிறது. என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே அதிகம் பேசப்படாத, ஆனால் தீர்க்கமான வேலை இதுதான்.

அதே ஊரில் கார்ல் எரிக் மோகன்சன் இன்னும் பின்னோக்கிப் போனார். புதிதாக நீரிழிவு வந்த இளைஞர்களின் சிறுநீரகம் குறைவாக அல்ல, இயல்பைவிட அதிகமாக வடிகட்டுவதை 1970-களின் தொடக்கத்தில் அவர் அளந்து காட்டினார். ரேயர் கண்ட பருமனுக்கு அப்போதுதான் அர்த்தம் கிடைத்தது. கரண்டியில் திரியாத, சாதாரணப் பட்டைச் சோதனையிலும் தெரியாத அளவு அல்புமின் என்ற புரதத்தைக் கண்டறியும் கதிரியக்க முறையை, பிரைட் பணியாற்றிய அதே கைஸ் மருத்துவமனையில் 1963-இல் ஹாரி கீனும் சகாவும் உருவாக்கினார்கள். நாளுக்கு 30 முதல் 300 மில்லிகிராம் வரையிலான அந்தச் சிறு கசிவு பின்னாளைய சிறுநீரக நோய்க்கு முன்னறிவிப்பு என்பது 1980-களில் நிலைபெற்றது.

ஏன் அதிகமாக வடிகிறது? பாஸ்டனில் பேரி பிரென்னர் குழு எலிகளின் முடிச்சுகளுக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தது. உள்வாயில் தளர்ந்திருந்தது, நாளங்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனின் பிடியில் வெளிவாயில் இறுக்கமாக இருந்தது. இடையில் சிக்கிய நுண்நாளங்கள் மிகையழுத்தத்தில் தவித்தன. ஆஞ்சியோடென்சினைத் தடுத்தால் வெளிவாயில் தளரும். அப்படித் தடுக்கும் மருந்தான காப்டோப்ரிலைச் சோதித்து 1993-இல் வெளியான ஆய்வில் 409 பேர் பங்கேற்றனர். இறப்பு, டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றுக்கான ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே ஆண்டு 1,441 பேரைப் பின்தொடர்ந்த டிசிசிடி ஆய்வு, சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தினால் அல்புமின் கசிவு குறையும் என்று நிறுவியது.

வடு ஒருபோதும் கரையாது என்ற நம்பிக்கையை 1998-இல் மினியாபொலிஸ் பயாப்சிகள் அசைத்தன. கணையம் மாற்றப்பட்டு சர்க்கரை இயல்பான எட்டுப் பேருக்கு ஐந்து ஆண்டுகளில் சவ்வில் முன்னேற்றம் இல்லை. பத்து ஆண்டுகளில் தடிப்பு குறைந்து, முடிச்சுகளின் நுண்நாளங்கள் மீண்டும் திறந்திருந்தன.

அடுத்த திருப்பம் உள்வாயிலில். சர்க்கரை மிகும்போது குழல்கள் அதனுடன் உப்பையும் சேர்த்து மீட்டுவிடுகின்றன. கீழே உப்பு குறைவாகவே வந்துசேர்வதால், வடிகட்டல் போதவில்லை என்று எண்ணி உள்வாயில் விரிகிறது. இந்த மீட்பைத் தடுக்கும் மருந்துகளின் மூதாதை, 1835-இல் ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபுளோரிசின். ஐம்பது ஆண்டுகள் கழித்து நாய்களுக்குச் செயற்கையாகச் சிறுநீரில் சர்க்கரை வரவழைக்க அதைப் பயன்படுத்தினார்கள். அதன் வழிவந்த கனாக்ளிஃப்ளோசினை 4,401 பேரிடம் சோதித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட கூட்டு ஆபத்து 30 சதவீதம் குறைந்தது. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் வடிகட்டும் வேகம் சற்று இறங்கி, இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் சிறிது ஏறும். மிகையழுத்தம் தணிவதன் விளைவு அது என்று தெரிந்ததால், இப்போது அந்தச் சிறு ஏற்றத்துக்காக மட்டும் மருந்தை நிறுத்துவதில்லை.