படம் எடுக்கப் படிப்பித்தவர்கள் முதலில் என்ன வேலை செய்தார்கள்?

கொஞ்சம் நீண்ட பதிவு. வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை, ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் என் மாணவன் ஒருவன் போனில் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினான். மூன்று மாதத்தில் திரைக்கதையும் இயக்கமும், முடிவில் சான்றிதழ். கட்டணம் அவனுடைய வாப்பாவின் ஒரு மாத உழைப்பை விடக் கூட. படிப்பிப்பவரின் படம் பெரிதாக இருக்கிறது. கையில் கமரா, கீழே "நீண்டகால அனுபவம்" என்று ஒரு வரி. என்ன அனுபவம், எங்கே, எந்தப் படம், ஒன்றும் இல்லை. "சேர், சேரட்டுமா?" என்று கேட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஓரிடத்தில் இன்னொரு பிள்ளை காசு கட்டிப் படித்தான். சான்றிதழோடு வந்து இப்போது கடையில் நிற்கிறான். அதனால் உடனே பதில் சொல்லவில்லை. நாளைக்கு வா என்றேன். அன்றிரவு எனக்கு ஞாபகம் வந்தவர் நம்ம வாவிக்கரை மனிதர்தான்.

கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய், அங்கிருந்து கொஞ்சத் தூரம் போனால் அமிர்தகழி. பாலு மகேந்திரா 1939இல் பிறந்த ஊர். தகப்பனும் படிப்பிக்கும் தொழில்தான். படித்தது புனித மிக்கேல் கல்லூரியில். நல்ல படம் என்று ஒன்று இருக்கிறது என்பதை அவருக்குக் காட்டியவர் அவருடைய வகுப்பாசிரியர். 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' எல்லாம் பள்ளிக் காலத்திலேயே பார்த்துவிட்டார். பாடசாலைச் சுற்றுலா ஒன்றில் டேவிட் லீன் இங்கே எடுத்த 'பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பைப் பார்க்கக் கிடைத்திருக்கிறது. டைரக்டர் மழை என்று சொன்னதும் மழை பெய்தது, அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன் என்று பிற்காலத்தில் அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

ஆனால் நேரே சினிமாவுக்குப் போகவில்லை. நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக வேலை பார்த்தார். கொழும்பில் 'தேனருவி' என்ற இலக்கியச் சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தார். இலங்கை வானொலியில் நாடகம் நடித்தார், சிங்கள நாடகக் குழுக்களோடு பழகினார். 1966இல் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனபோது, விரும்பிய பிரிவில் இடம் கிடைக்காமல் ஒளிப்பதிவில் சேர்ந்தார். கிடைக்காததால் எடுத்த அந்தப் பாடத்துக்குத்தான் 'கோகிலா'வுக்கும் 'மூன்றாம் பிறை'க்கும் தேசிய விருது வந்தது.

புனேயில் அந்தக் காலத்தில் யார் யார் படிப்பித்தார்கள் என்று பாருங்கள். உப அதிபராக இருந்த ரித்விக் கட்டக் வங்காளத்தில் மக்கள் நாடக இயக்கத்தில் இருந்து வந்தவர். பிமல் ராயின் 'மதுமதி' அவர் எழுதிய கதை. படத்தை ரசிப்பது எப்படி என்று பாடம் எடுத்த சதீஷ் பகதூர், ஆக்ராவில் பொருளியல் படிப்பித்துக்கொண்டே திரைப்படச் சங்கம் நடத்தியவர். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் படிப்பிப்பதில் பெயர் எடுத்தார். பொட்டெம்கின் எடுத்த ஐசன்ஸ்டைன் கூட பொறியியல் படித்தவர், பிறகுதான் மொஸ்கோவில் இயக்கம் கற்பித்தார்.

இன்னொருவர் நம்ம நாட்டுக்காரர், தர்மசேன பத்திராஜ. பேராதனையில் படித்த சிங்களவர். யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில், அந்த மண்ணின் சாதியையும் சீதனத்தையும் வைத்து 'பொன்மணி' என்று தமிழ்ப் படம் எடுத்தார். சீதனம் என்றதும் நம்ம ஊர்ப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கலாம். இருக்கட்டும்.

ஈரானின் மொஹ்சென் மக்மல்பாஃப் கதை இன்னும் வேறு மாதிரி. ஷாவின் ஆட்சியில் 17 வயதில் சிறைக்குப் போய், 1979 புரட்சியோடு வெளியே வந்தவர். 1996இல் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே தன் பிள்ளைகளுக்கும் சில நண்பர்களுக்கும் சினிமா படிப்பித்தார். பாடத்திட்டத்தில் நீச்சல், சைக்கிள், சமையல் எல்லாம் இருந்தன. அங்கே படித்த மகள் சமீரா எடுத்த 'ஆப்பிள்' 1998இல் கான் விழாவுக்குப் போனது. (சினிமா கூடுமா கூடாதா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விடுகிறேன். கமெண்டில் தொடங்க வேண்டாம். நம்ம பிள்ளைகள் எல்லாரும் போனில் வீடியோ எடுக்கிறார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.)

திரும்ப பாலு மகேந்திராவுக்கு வருகிறேன். 2007இல் சென்னையில் அவர் தொடங்கிய பள்ளிக்கு அகடமி என்று பெயர் வைக்கவில்லை. சினிமாப் பட்டறை. அப்போது அவருக்கு 68 வயது, படம் எடுக்கத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல். சின்ன வயதில் தாயார் வீடு கட்டப் பட்ட பாட்டைப் பார்த்ததை 1987இல் 'வீடு' என்று படமாக்கியிருந்தார். தமிழ்ச் சிறுகதைகளை 'கதை நேரம்' என்று தொலைக்காட்சிக்கு எடுத்திருந்தார். பாலா, ராம், வெற்றிமாறன், சீனு ராமசாமி, நா. முத்துக்குமார் எல்லாம் ஏற்கனவே அவரிடம் உதவியாளராக இருந்தவர்கள். சிறுகதைகளை வாசித்துச் சுருக்கி எழுதிக் காட்டுவதுதான் அவரிடம் முதல் பாடம். கமரா பிறகுதான். படவரைஞராக இருந்தவர், சஞ்சிகை நடத்தியவர் வேறு எப்படிப் படிப்பிப்பார்? 2014 பெப்ரவரியில் மௌத்தாகும் வரை பட்டறை நடந்தது. அவரிடம் படித்த வெற்றிமாறன், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக 2021இல் சென்னையில் இலவசமாக ஒரு நிறுவனம் தொடங்கியிருக்கிறார்.

கல்வியியல் கல்லூரியில் எங்களைக் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பியபோது, பின்வாங்கில் ஒருவர் இருந்து குறிப்பெடுப்பார். கணக்கு தெரியாமல் நான் எப்படிக் கணக்குப் படிப்பிப்பேன் என்று அவர் பார்ப்பார். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கும் நாமும் அந்த இடத்தில் கொஞ்சம் இருந்து பார்க்கலாம் அல்லவா?

அடுத்த நாள் அந்தப் பையனிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். நீங்கள் எழுதிய அல்லது வேலை செய்த படத்தை நான் எங்கே பார்க்கலாம்? அதில் உங்கள் வேலை என்ன? உங்களிடம் படித்த ஒருவரோடு நான் பேசலாமா? மரியாதையாகத்தான் எழுதிக் கொடுத்தேன். விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு என் முன்னாலேயே அனுப்பினான். இரண்டு நீல டிக் விழுந்து இன்றைக்கு ஐந்து நாள்.

அதுவரை, வாசிகசாலையில் ஒரு சிறுகதைத் தொகுப்பு எடுத்து, கிழமைக்கு ஒரு கதையை ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கலியாண வீட்டு வீடியோ எடுக்கும் நானாமார் யாராவது சனிக்கிழமை பின்னேரம் அவனுக்கும் இன்னும் நாலு பேருக்கும் கமராவைத் தொட்டுக் காட்ட முடியுமென்றால் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள்.